யாரும் கேட்காத பிணை

எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் எல்லாம் காருக்குள் வைத்துத்தான் பேசப்படும். வீட்டுக்குள் பேசத் தொடங்கினால் நான் பின்வளவுக்குப் போய்க் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடத் தொடங்கிவிடுவேன் என்பது மனைவிக்குத் தெரியும். மழை பெய்கிற நாளில்கூட நான் தண்ணீர் விட்டிருக்கிறேன். ஆனபடியால் முக்கியமான கதை ஏதும் இருந்தால், பென்டில் ஹில் கடைத்தெருவில் நான் காரை நிறுத்திய பிறகும் அவள் இறங்கமாட்டாள். இடுப்புப் பட்டியைக் கழற்றாமல் நேரே பார்த்துக்கொண்டு இருப்பாள். அதைக் கண்டால் நானும் இறங்க முடியாது.

"இஞ்சாருங்கோ, நான் படிக்கப்போறன்" என்றாள் அன்றைக்கு.

மனைவிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மகள் மெல்பேர்னுக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோய் வைக்கிற வேலை. எட்டு வருடமாகத் தட்டுத் தூக்குகிறாள். அந்த வேலையில் ஒருவரும் தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்வாள். ஜெலியில் இனிப்புக் காணாது, போதாது என்று சொல்ல மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்களாம்.

அவள் தட்டை வைத்துவிட்டு உடனே வருகிற ஆள் இல்லை. முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் எழுப்பி நடக்கப் பழக்குவதற்கு உதவியாளர்கள் வருவார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார், உதவியாளர்தான் பக்கத்தில் நின்று செய்விப்பார். மனைவி அதை வாசலில் நின்று பார்ப்பாள். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் வேலையால் வந்து சோபாவில் விழுந்து, பிறகு தேநீருக்கு எழும்ப முயன்றால், குசினியில் இருந்தே சத்தம் வரும்:

"அப்பிடி இல்லை! காலைப் பின்னுக்கு இழுங்கோ. மூக்கை முன்னுக்குக் கொண்டுவாங்கோ. மூக்கு கால்விரலுக்கு நேரை வரவேணும். இப்ப எழும்புங்கோ."

எழும்பிவிடுவேன். அது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, எனக்கு முழங்கால் நல்லாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னபடி எழும்பினால் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும்.

அந்த உதவியாளர் வேலைக்குத்தான் இரண்டு வருடப் படிப்பு ஒன்று அரசாங்கக் கல்லூரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். காருக்குள் வைத்து எனக்குக் கணக்கைச் சொன்னாள். கிழமையில் மூன்று நாள் வகுப்பு, ஆகவே மூன்று நாள் சம்பளம் இல்லை. படிப்புக் காசு தனி. முடித்து வேலை கிடைத்தால் மணித்தியாலத்துக்கு நாலைந்து டொலர் கூட வரும்.

"நல்லதுதானே" என்று நான் நினைத்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனால் அது திங்களில இருந்து வெள்ளி வரைக்கும் மட்டும்தான். சனி, ஞாயிறு, லீவு நாள் காசு ஒண்டும் இல்லை."

அங்கேதான் கணக்குப் படுத்தது. தட்டு வேலையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏறக்குறைய இரட்டைச் சம்பளம். நத்தார் பண்டிகை நாளில் அவள் தூக்கும் வான்கோழித் தட்டுகள்தான் எங்கள் வருடாந்த அறுவடை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், படித்து, டிப்ளோமா எடுத்து, பெரிய வேலைக்குப் போனபிறகு கைக்கு வருகிற காசு இப்போது வருவதைவிடக் குறைவு. அதற்குமேல் ஒரு கடனும்.

அப்படியானால் ஏன் படிக்கிறீர் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டமாதிரியே அவள் பதில் சொன்னாள்.

"அறுவது வயசிலையும் என்னாலை தட்டுத் தூக்கேலாது. அதோடை ஞாயிற்றுக்கிழமையிலை ஒருநாளாவது வீட்டிலை கால் நீட்டி இருக்கவேணும். போகப்போகச் சம்பளம் கூடும்தானே."

"கடன் ஆர் தாறது?" என்று கேட்டேன். கடனைப் பற்றிக் கேட்க மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை.

"அரசாங்கம்."

"ஆர் பிணை?"

"பிணை ஒண்டும் தேவையில்லை."

"எப்ப திருப்பிக் கட்டுறது?"

"சம்பளம் ஒரு அளவுக்கு மேலை போனால் வரியோடை சேத்துப் பிடிப்பினம். போகாட்டிக் கேக்கமாட்டினம்."

"கேக்கவே மாட்டினமோ?"

"கேக்கவே மாட்டினம்."

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பழக்கடைக்காரர் மாம்பழப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடன் கொடுத்துவிட்டுக் கேட்டு வராதவரை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு வாங்கிய கடனுக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு சைக்கிள் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சைக்கிள் வாசலில் நிற்கும், முகம் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கடனுக்கு இரண்டு பேர் பிணை நின்றார்கள். ஒருவர் பாடசாலை அதிபர், மற்றவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். இரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடு வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் காசு மேசைக்கு வந்தது.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மனைவி சரியாகக் கேட்கவில்லை. இந்த நாட்டில் எல்லா அலுவலகங்களிலும் இதுதான் நடக்கும். தொடக்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு 'பிரச்சினை இல்லை' என்பார்கள். வீடு வாடகைக்கு எடுக்கப் போனபோது அப்படித்தான் சொன்னார்கள். வாசல் கதவுத் திறப்பு வாங்கப் போன அன்றுதான் இன்னுமொரு கடிதம் வேண்டும் என்றார்கள். கல்லூரியிலும் கடைசி நாளில், கவுண்டரில் வைத்து, 'உங்கள் பிணையாளிகள் எங்கே?' என்று கேட்கப்போகிறார்கள். மனைவி எல்லோருக்கும் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கப்போகிறாள்.

"என்ன சொல்லுறியள்?" என்றாள்.

நான் மாம்பழப் பெட்டிகளை எண்ணினேன்.

"நீங்கள் வாயைத் திறந்து ஓம் எண்டு சொன்னால்தான் நான் விண்ணப்பம் போடுவன். பிறகு நான் தனிச்சு முடிவெடுத்தனான் எண்டு கதை வரக்கூடாது. இரண்டு கிழமைதான் இருக்கு."

இறங்கிக் கத்தரிக்காய் வாங்கப் போனாள். நான் காருக்குள் இருந்து யோசித்தேன். ஓம் சொல்லலாம்தான். ஆனால் பிணைக்கு ஆட்களை ஆயத்தப்படுத்திவிட்டுச் சொன்னால் அந்த ஓமுக்கு ஒரு பெறுமதி இருக்கும் என்று பட்டது. அவளுக்குச் சொல்லாமல் நானே செய்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது மனைவி எதிர்பாராத நல்ல காரியம் ஒன்றைச் செய்யவேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

பிணைக்கு யாரைக் கேட்பது? எனக்குத் தெரிந்தவர்களில் பெறுமதியான ஆட்கள் இரண்டே பேர். முதல் ஆள் கிரவீனில் சீட்டுப் பிடிக்கிற அன்ரி.

மாதாமாதம் நாங்கள் கொஞ்சப்பேர் அன்ரி வீட்டில் கூடி ஆளுக்கு ஒரு தொகை போடுவோம். அந்த மாதத்துச் சீட்டு வேண்டியவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்து எடுப்பார்கள் என்று சத்தமாகக் கூறவேண்டும். கூடக் கழிவு கூறியவருக்குச் சீட்டுப் போகும். யாராவது எடுத்துக்கொண்டு ஓடினால் சீட்டை நடத்துகிற தாச்சிதான் தன் காசைப் போட்டு நிரப்பவேண்டும். அதனால் அன்ரிக்கு ஒரு ஆளின் நடையைப் பார்த்தே ஓடுவாரா மாட்டாரா என்று தெரியும். நான் எப்போதும் கடைசிச் சீட்டுத்தான் எடுப்பேன். சேமிக்கிற குணம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். உண்மை என்னவென்றால், கடைசிச் சீட்டுக்கு மட்டும்தான் வாய் திறந்து கழிவு கூறத் தேவையில்லை.

நான் போனபோது அன்ரி கதிரையில் இருந்து, வலிக்கிற முழங்காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கடைசியிலை நீரும் முதல் சீட்டுக்கு வந்திட்டீரோ?"

"இல்லை அன்ரி."

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"வேண்டாம் அன்ரி."

தேநீர் வந்தது. குடித்தேன். காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். நான் எழும்பினேன். வாசல்வரைக்கும் போய்ச் சப்பாத்தையும் போட்டுவிட்டு, திரும்பி வந்து நின்றேன்.

"அன்ரி, ஒரு கடனுக்கு ஆள் பிணை வேணும்."

அவரைக்காய்ச் சட்டியை அன்ரி கீழே வைத்தார். "கிளப்பிலை மெஷினுக்குப் போட்டிட்டீரோ?"

"ஐயோ இல்லை அன்ரி!"

"சொல்லும் தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சூதாட்ட மெஷின் பொல்லாதது. அமைதியான ஆக்கள்தான் அதிலை கூட விழுறது."

"மனுசியின்ரை படிப்புக்கு அன்ரி. ஆக்களை நடக்கப் பழக்கிற படிப்பு."

"நடக்கிறதுக்கும் படிப்போ? கண்டறியாத நாடு." அன்ரி முக்காலியில் இருந்த தன் முழங்காலை ஒருமுறை பார்த்தார். "சரி, முடிச்சால் எவ்வளவு சம்பளம்?"

சொன்னேன்.

"இப்ப எவ்வளவு? ஞாயிறையும் சேத்துச் சொல்லும்."

சொன்னேன். அன்ரியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சீட்டுக் கழிவைக் கணக்குப் பார்க்கும்போது அசைகிற அதே மாதிரி.

"தம்பி, இது நட்டம்."

"ஓம் அன்ரி."

"நட்டம் எண்டு தெரிஞ்சுகொண்டோ கடன் எடுக்கிறியள்?"

"ஓம் அன்ரி."

"அப்ப படிப்பில்லை. மெஷின்தான்."

ஆனாலும் அன்ரி வருவதாக ஒப்புக்கொண்டார். "உம்மை நம்பி இல்லை, உம்மடை மனுசியை நம்பி வாறன்" என்றார். அந்தச் சங்கடத்திலும் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாவது ஆள் ஜே.பி. அங்கிள். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே வந்தபிறகு ஜே.பி. என்கிற சமாதான நீதவான் ஆகி, நகல்களை மூலப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்திக் கொடுக்கிறார். சனிக்கிழமை காலையில் பிளாக்டவுனில் நூலகத்து மேசை ஒன்றில் இருப்பார். முத்திரையை மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவருவார். அவருக்கு முன்னால் மாணவர்கள் கடவுச்சீட்டு நகல்களோடு வரிசையில் நிற்பார்கள். முந்திப் போய்க் கதைக்க எனக்கு வெட்கமாக இருந்ததால் நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"வாரும் தம்பி. மூலப்பிரதி எங்கை?"

"மூலப்பிரதி இல்லை அங்கிள்."

"நகல்?"

"நகலும் இல்லை."

அங்கிள் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அப்ப நான் எதைத் தம்பி உறுதிப்படுத்திறது?"

"என்ரை மனுசியை."

எனக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பொடியன்கள் எல்லோரும் தொலைபேசியில் இருந்து தலையைத் தூக்கினார்கள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் அங்கிளுக்கு விளங்கவில்லை. ஆகவே திரும்பச் சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது. அங்கிளின் முகம் மலர்ந்தது. ஊரில் தபாலதிபராக இருந்த காலத்தில் தான் பிணை நின்று ஒருவரும் ஓடியதில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஒரே ஒருவர் ஓடினார், ஆனால் அவர் தன் மைத்துனர் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார்.

காரியம் முடிந்தது என்ற திருப்தியில் நான் ஒரு கிழமை நிம்மதியாக இருந்தேன். இனி ஓம் சொல்லவேண்டியதுதான். அதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மனைவி கடைக்குப் போய்விட்டு வந்து காரில் ஏறினாள். மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது. நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். இடுப்புப் பட்டியை இன்னும் போடவில்லை.

"இஞ்சாருங்கோ, நாங்கள் எப்ப காசிலை முறிஞ்சனாங்கள்?"

"என்ன?"

"கடைக்கார அக்கா முருங்கைக்காய்க்குக் காசு வாங்க மாட்டன் எண்டுட்டா. 'பிறகு பாப்பம், இப்ப உங்களுக்குக் கஷ்டம்தானே' எண்டு சொல்லுறா. கோயிலிலை ஒரு அம்மா என்ரை கையைப் பிடிச்சு, 'அவரைக் கிளப் பக்கம் தனிய விடாதைங்கோ' எண்டவ. ஸ்டேஷனிலை ஒரு ஆள் உங்களுக்கு இரவுக் கிளீனிங் வேலை இருக்கு எண்டு நம்பர் தந்திட்டுப் போறார். என்ன நடந்தது?"

சொன்னேன். முதலில் அன்ரியைச் சொன்னேன், பிறகு அங்கிளை. அவள் இடுப்புப் பட்டியை இழுத்துப் பூட்டினாள். பிறகு முருங்கைக்காய்க் கட்டு மடியில் ஆடத் தொடங்கியது. அழுகிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, உடனே கோபப்பட்டாள்.

"பிணை தேவையில்லை எண்டு நான் தமிழிலைதானே சொன்னனான்? நாளைக்கே போய் வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

போனேன். அன்ரி பட்டுச்சேலை ஒன்றைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தார். "கல்லூரிக்குப் போறது, கொஞ்சம் வசதியான ஆள் மாதிரித் தெரியவேணும்தானே" என்றார். தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அங்கிளிடம் போனேன். அவர் முத்திரைக்குப் புது மைத்தட்டு வாங்கியிருந்தார். என் முன்னாலேயே ஒரு பழைய உறையில் குத்திக் காட்டினார். நல்ல தெளிவாக விழுந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"சொல்லிட்டியளோ?" என்றாள் மனைவி.

நான் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடப் போனேன்.

விண்ணப்பத்தைக் கணினியிலும் போடலாம். ஆனால் கடைசி நாளில் கல்லூரியிலேயே உதவிக்கு ஆட்கள் இருப்பார்கள் என்பதால் நேரே போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். முன்சீற்றில் மனைவி, பின்சீற்றில் பட்டுச்சேலையோடு அன்ரி, பக்கத்தில் கோட்டும் சாப்பாட்டு டப்பாவுமாக அங்கிள். காருக்குள் பெரிய விஷயம் பேசுகிற எங்கள் வழக்கம் அன்றைக்கு நடக்கவில்லை. நான் இன்னும் ஓம் சொல்லாமல் இருந்தேன். மனைவி அதைக் கேட்காமல் இருந்தாள். அன்ரி மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார்.

கவுண்டரில் ஒரு இளம் பெண் இருந்தாள். நான்கு பேர் வந்து நிற்பதைக் கண்டதும் நான்கு பேரும் படிக்கப்போகிறோம் என்று நினைத்து இன்னும் இரண்டு கதிரை எடுத்து வந்தாள். மனைவி தன்னைக் காட்டி, படிக்கப்போவது தான் மட்டும்தான் என்றாள். எங்களைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, "குடும்பம்" என்றாள்.

"பிணையாளிகள்" என்று ஆங்கிலத்தில் திருத்தினார் அங்கிள். டப்பாவைத் திறந்து முத்திரையை மேசையில் வைத்தார். "நாங்கள் எங்கே கையெழுத்திட வேண்டும்?"

அந்தப் பெண் முத்திரையைப் பார்த்தாள், பட்டுச்சேலையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். இந்தக் கடனுக்குப் பிணையாளிகள் தேவையில்லை என்று அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். மனைவி ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்ரி விடவில்லை. "பிள்ளை, கேட்டுச் சொல்லும். இதுக்குத் தாச்சி ஆர்?"

மனைவி கேட்டாள். "அரசாங்கமாம் அன்ரி."

"கட்டாமல் ஓடினால்?"

"சம்பளம் அந்தளவுக்கு வராட்டிக் கட்டவே தேவையில்லையாம்."

"நீர் செத்தால்?" அன்ரி கொஞ்சமும் தயங்காமல் கேட்டார். மனைவி தன்னுடைய சாவை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கேட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டு, அப்படி நடந்தால் அநேகமாகக் கடனும் அத்தோடு போய்விடும் என்றாள்.

அன்ரி கதிரையில் சாய்ந்தார். "இந்தத் தாச்சி உருப்படாது."

ஆனால் விலைவாசி ஏற ஏற, கட்டாத கடனும் வருடா வருடம் கொஞ்சம் ஏறும் என்று அந்தப் பெண் சொன்னாள். அதை மனைவி தமிழில் சொன்னதும் அன்ரியின் முகம் தெளிந்தது. "அப்பாடா. கொஞ்சமாவது புத்தி இருக்கு."

விபரங்கள் எல்லாம் நிரப்பி முடிந்தது. அந்தப் பெண் கணினித் திரையை மனைவி பக்கம் திருப்பி, எல்லாம் சரி என்றால் கடைசிப் பொத்தானை அழுத்தும்படி சொன்னாள். மனைவி கையைக் கொண்டுபோனாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கணக்குப் பாத்தால் நட்டம்தான்" என்றாள், திரையைப் பார்த்தபடி. "அன்ரி சொன்னது சரி. கடன் ஏறும், சம்பளம் குறையும். அந்த இரண்டு வருஷமும் நீங்கள்தான் இழுக்கவேணும். நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

அங்கே தண்ணீர் விடக் கறிவேப்பிலை இல்லை. அன்ரி பார்த்தார், அங்கிள் பார்த்தார். தமிழ் விளங்காத அந்தப் பெண்ணும் யார் பதில் சொல்லவேண்டும் என்று எப்படியோ விளங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். காது சுட்டது. நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தது ஓம் என்ற ஒரே சொல். இரண்டு கிழமை அதை வாய்க்குள் வைத்துக் காவித் திரிந்திருக்கிறேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"நான் பிணை" என்றேன்.

"அது செல்லாது" என்றார் அங்கிள். "புருஷன் பெண்சாதிக்கு நிக்கேலாது. வெளியாள் வேணும்."

"சும்மா இருங்கோ" என்று அன்ரி அவரை அடக்கினார். "இவர் கடைசிச் சீட்டு ஆள். ஓடமாட்டார்."

மனைவி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப ஓமோ?"

"ஓம்."

அழுத்தினாள்.

அங்கிளின் முத்திரை மேசையில் அப்படியே இருந்தது. அந்தப் பெண் அதைக் கவனித்திருக்கவேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான தாளை இரண்டு பிரதி எடுத்து வந்தாள். அங்கிள் ஒன்றை மூலப்பிரதி என்று பக்கத்தில் வைத்து, மற்றதை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்து, குத்தி, கையெழுத்துப் போட்டார். பிறகு அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும் என்று அவள் கேட்டாள். மனைவி பெருமூச்சு விட்டு, பின்னால் இருந்த இரண்டு பேரையும் காட்டினாள். அன்ரி என்னிடம் குனிந்து, "பாத்தீரோ, கடைசியிலை ஆள் பிணை கேட்டவைதானே" என்றார்.

அதன்பிறகு இரண்டு வருடம் அவர்கள் பிணைக் கடமையைச் செய்தார்கள். பரீட்சை வருகிறது என்றால் அங்கிள் தொலைபேசி எடுப்பார். "பிள்ளை, பிணை நிண்டவன் கேக்கவேணும். படிச்சாச்சோ?" அன்ரி சீட்டுக்கு வந்த எல்லோருக்கும் முன்னால் மனைவியின் புள்ளிகளை வாசிப்பார். எனக்கு அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாது. நான் சனிக்கிழமையிலும் வேலைக்குப் போனேன். வீட்டில் பருப்பும் முட்டையுமாகப் போனது. தொழிற்சாலையில் பிய்ந்துபோன பாணைத் தருவார்கள், அதை எத்தனை விதமாகச் சமைக்கலாமோ அத்தனை விதமாகவும் சமைத்தோம். மனைவி சாப்பாட்டு மேசையில் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, எலும்புகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அமத்திப் பார்ப்பாள். மகள் மெல்பேர்னில் இருந்து வீடியோவில் எடுக்கிற நேரங்களில் அதைக் கண்டு, "டாட், ஆர் யூ ஓகே?" என்று கேட்பாள். "பைன்" என்பேன். ஆங்கிலத்தில் எனக்குத் தயக்கமில்லாமல் வருகிற சொல் அது.

முடித்தாள். வேறொரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. முதல் சம்பளச் சீட்டு வந்தபோது அதைக் காருக்குள் வைத்துத்தான் எனக்குக் காட்டினாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. தட்டுத் தூக்கியபோது வந்ததைவிடக் குறைவு.

"குறைவுதான்" என்றேன்.

"குறைவுதான்" என்றாள். ஆனால் அவள் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, நான் இறங்குவதற்கு முதலே இறங்கி, கடைக்குள் போய் விளைமீன் வாங்கி வந்தாள். பக்கவாதம் வந்த ஒரு கிழவர் அன்றைக்குக் கட்டிலில் இருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாராம். அவர் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். அதை மீன் கழுவி முடியும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்ரிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொலைபேசி வந்தது.

"தம்பி, கடனைப் பிடிக்கத் தொடங்கிட்டாங்களோ?"

"இல்லை அன்ரி. சம்பளம் இன்னும் அந்த அளவுக்கு வரேல்லை."

"அப்ப நான் இன்னும் பிணைதானே?"

"ஓம் அன்ரி" என்றேன்.

"நல்லது. அப்ப ஞாயிற்றுக்கிழமை வாறன். முழங்காலுக்கு ஆஸ்பத்திரியிலை ஏதோ தேகப்பயிற்சி எழுதித் தந்தவை. ஒண்டும் விளங்கேல்லை. அவவை வீட்டிலை நிக்கச் சொல்லும்."

தான் வைத்தியர் இல்லை, அவர்களுடைய பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் செய்விப்பேன் என்று மனைவி கண்டிப்பாகச் சொன்னாள். அதுவே போதும் என்று ஆகிவிட்டது. அன்ரி ஒரு தாளோடு வந்தார். அடுத்த கிழமை அங்கிள் தன் தாளோடு வந்தார், நகலில் முத்திரையும் குத்தியிருந்தது. பிறகு சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருடைய கைப்பையிலும் மடித்து வைத்து மறந்துபோன ஒரு தாள் இருந்திருக்கிறது. அவள் கால் நீட்டி இருப்பதற்கென்று நாங்கள் இவ்வளவு நட்டப்பட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் முன்னறையில் நாலைந்து கதிரை வரிசையாக நிற்கிறது.

"காலைப் பின்னுக்கு இழுங்கோ அன்ரி. மூக்கை முன்னுக்கு. எழும்புங்கோ. இருங்கோ. திரும்ப."

அன்ரி சத்தமாக எண்ணுவார். மனைவி நடுவில் நின்று கையைத் தட்டுவாள். அவளைக் கேட்டால் களைப்பு என்பாள், ஆனால் சனிக்கிழமை இரவே கதிரைகளைத் துடைத்து வைப்பதும் அவள்தான்.

வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கவேண்டும். தட்டுத் தூக்குவது நான். முன்பு ஞாயிற்றுக்கிழமை தட்டுக்கு அவளுக்கு இரட்டைச் சம்பளம், இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. யாரும் என் முகத்தைப் பார்ப்பதுமில்லை, அது எனக்கு நல்ல வசதி. போன கிழமை மட்டும் அங்கிள் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, சீனி காணாது."